வெறும் ஸ்லைடுக்காரி

ஒன்றுமே வைக்காத கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் மாட்டிவிட்டு, அதையே பத்து நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு வருடம். பின்னால் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

"என்னம்மா தெரியுது?" என்பேன்.

"ஒண்ணும் தெரியல சார்."

"ஒண்ணும் வைக்காத எடத்துல என்ன தெரியும்?"

"அதத்தான் சார் பாக்குறேன். ஒண்ணும் வைக்காமயே ஏதாச்சும் தெரிஞ்சிச்சுன்னா, வச்ச பெறகு தெரியிறத எப்படி நம்புறது?"

பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்கள் மேல் எனக்குச் சட்டென்று கோபம் வரும். 'வெறும் ஸ்லைடுக்காரி' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவனே நான்தான். ஒரே வாரத்தில் லேப் முழுக்கப் பரவிவிட்டது. அவள் காதிலும் விழுந்தது. "நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய நிஜப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் இரண்டு பேருமே போடிக்காரர்கள். வேலை மதுரைப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். நான் அங்கே டாக்டர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சியாளன். அவள் பெரிய மைக்ராஸ்கோப்பை இயக்குகிறவள். எங்கள் வீட்டில் ஏலக்காய் வியாபாரம். அவள் அப்பா குரங்கணி மலைப் பாதையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்பு டிரைவர். ஒரே ஊர் என்றாலும் மதுரைக்கு வந்த பிறகுதான் எங்களுக்குள் பழக்கம். சனிக்கிழமை ஊருக்குப் போகிற ரயிலில் பல தடவை ஒன்றாகப் போயிருக்கிறோம். லேப்பில் நான் அவளுக்கு 'சார்'. ரயில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிவிட்டால் 'அண்ணே'. இந்த வித்தியாசத்தை அவள் யோசித்துச் செய்தாளா, தானாக வந்ததா, நான் கேட்டதில்லை.

வெறும் ஸ்லைடு பார்க்கிற புத்தி அவளுக்கு லேப்போடு நிற்கவில்லை. அதுதான் வேடிக்கை. டீக்கடைக்குப் போனால் முதலில் கிளாசில் கொஞ்சம் வெந்நீர் வாங்கி ஒரு வாய் குடிப்பாள். அப்புறம்தான் டீ. கடைக்காரர் முறைப்பார். "கிளாசுல சோப்பு வாசம் இருக்கான்னு பாத்துக்கிட்டேண்ணே. இல்லேன்னா தேவையில்லாம ஒங்க டீயைத் திட்டிருவேன்" என்று அவருக்கே விளக்கம் சொல்வாள். ஒரு தடவை எங்கள் கடைக்கு ஏலக்காய் வாங்க வந்தாள். என் சித்தப்பாதான் கல்லாவில் இருந்தார். அவள் காயை எடுக்காமல், முதலில் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னத்தா, கையிலயா காய்க்குது?" என்றார். "பவுடர் வாசம் இருந்தா அதையும் ஒங்க காய்க் கணக்குல சேத்துருவேன்ல சித்தப்பா" என்றாள். அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. சின்னமனூரில் இரும்புக் கடை வைத்திருக்கிற பையன், பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று ஏற்பாடு. இவள் வெள்ளிக்கிழமையே பஸ்சு ஏறிப் போய், அந்தக் கடையில் யாரோ மாதிரி நின்று கால் கிலோ ஆணி கேட்டிருக்கிறாள். அந்த நேரம் ஒரு வயசான அம்மா, வாங்கிப்போன பூட்டு திறக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறது. மாப்பிள்ளை அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். இவள் ஆணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்களாம்.

"பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு எல்லா மாப்பிள்ளையும் நல்லவகதாண்ணே. சும்மா இருக்குற நாள்ல எப்படி இருக்காகன்னு பாக்க வேணாமா?" என்றாள் ரயிலில். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்தக் கால் கிலோ ஆணி இன்னமும் வீட்டில் கிடக்கிறது என்றாள். அதற்கும் சிரித்தேன்.

அவள் மெதுவான ஆள். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் பூப்போட்டுக் கும்பிடுவது போல் ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் முடிகிற சோலியை ஒரு நாள் இழுப்பாள். வெளியே வானம் கறுத்து நிற்கும்போது "மழை வருமா?" என்று கேட்டால்கூடத் "தெரியல" என்பாள். அவளை வைத்துக்கொண்டு வெரசா எதையும் செய்ய முடியாது. எனக்கோ அவசரம் பிறவிக் குணம். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன் என்று என் அம்மா சொல்வார்கள்.

அந்த மைக்ராஸ்கோப்பு என்ன செய்யும் என்பதைச் சொன்னால்தான் மீதி விளங்கும். ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஆராய்ச்சிக்கு ஏலச்செடி இலை வாங்கிப் போக அவளும் வந்திருந்தாள். "அம்புட்டு வெல குடுத்து வாங்குனாகளே, அப்படி என்னதாண்டா செய்யுது அந்த மிசினு?" என்றார் சித்தப்பா. நான் ஒளியின் அலைநீளம், அதற்குப் பாதி தூரத்துக்கும் கீழே இருக்கிற இரண்டு புள்ளிகள் எவ்வளவு நல்ல கண்ணாடியிலும் ஒன்றாகத்தான் தெரியும், நூறு வருடத்துக்கு மேல் அதைத் தாண்டவே முடியாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்றெல்லாம் ஆரம்பித்தேன். சித்தப்பா கொட்டாவி விட்டார்.

அவள் மலையைக் காட்டினாள். விளக்கு வைக்கிற நேரம். சரிவில் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்து வெளிச்சம் ஒரு திட்டாகத் தெரிந்தது.

"அங்க எத்தனை வீடு இருக்கும் சித்தப்பா?"

"யாருக்குத் தெரியும்? ஒரே மொத்தையால்ல தெரியுது."

"எல்லா வீட்டுலயும் லைட்ட அமத்தச் சொல்லிட்டு, ஒவ்வொரு வீடாப் போட்டுப் போட்டு அமத்தச் சொன்னா?"

"ஒண்ணொண்ணா எண்ணிப்புடலாம்."

"அம்புட்டுத்தான் மிசினு. செல்லுக்குள்ள இருக்குற சாமானுக்கெல்லாம் மினுங்குற சாயத்தை ஒட்டி விட்டுருவோம். எல்லாத்தையும் ஒண்ணா எரிய விட மாட்டோம். நாலு எரியும், அமரும், வேற நாலு எரியும். ஆயிரக்கணக்குல படம் எடுத்து, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் நடுப்புள்ளி எதுன்னு குறிச்சு, கம்ப்யூட்டர் ஒண்ணா அடுக்கிரும். மொத்தையா இருந்தது வீடு வீடாப் பிரிஞ்சு தெரியும்."

சித்தப்பா வாயைப் பிளந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

"ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு" என்று அவள் தொடர்ந்தாள். "ஒரு வீட்டுல வயரு லூசா இருந்து, ஒரே லைட்டு அஞ்சு தடவ விட்டு விட்டு எரிஞ்சிச்சுன்னு வைங்க. நாம அஞ்சு வீடுன்னு எண்ணிருவோம். இல்லாத ஊரையே கட்டிப்புடும் இந்த மிசினு."

"அதுக்குத்தான் இவ வெறும் கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஒக்காந்துருப்பா சித்தப்பா" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் நானேதான்.

சித்தப்பாவுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டம். ஏலச்செடிக்குக் கட்டே நோய் என்று ஒன்று உண்டு. வைரஸ். அசுவினிப் பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். இலையில் மஞ்சள் கோடு விழுந்து, செடி குறுகி, காய்ப்பு நின்றுபோகும். மருந்து கிடையாது. பிடுங்கிப் புதைப்பது ஒன்றுதான் வழி. மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரிய ஒரு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூட ஆகும். அதற்குள் பக்கத்துச் செடிகளுக்கெல்லாம் போய்விடும். கோடு தெரிவதற்கு முன்பே, செல்லுக்குள் வைரஸ் நுழைந்த அன்றே பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. முடிந்தால் போடியிலிருந்து போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா வரைக்கும் எல்லாத் தோட்டக்காரரும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன்.

வேலை தொடங்கிய முதல் மாதமே அவள் ஒரு காரியம் செய்தாள். நோய் இல்லாதது என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய செடி வேண்டும் என்றாள். தோட்டத்தில் பச்சையாக நிற்கிற எந்தச் செடியையும் அப்படிச் சொல்ல முடியாது. இந்த நோய் விதை வழியாகப் போகாது. அதனால் குரங்கணியில் அவள் அத்தை வீட்டுக் கொல்லையில், ஓடைப் பக்கத்து நிழலில், விதை போட்டு ஏழெட்டு நாற்று வளர்த்தாள். பூச்சி ஏறக் கூடாது என்று சுற்றிலும் கொசுவலை கட்டினாள். "என்னம்மா, ஒஞ் செடிக்குக் கொசு கடிச்சு மலேரியா வந்துருமா?" என்று நான் நக்கலடித்தேன்.

நாற்று இலை கிள்ளுகிற அளவுக்கு வளரப் பல மாதம் ஆனது. அதற்குள்ளே சித்தப்பா தோட்டத்தில், கிழக்குச் சரிவில், மூன்று செடியில் மஞ்சள் கோடு வந்துவிட்டது. அந்தச் சரிவு முழுக்க நல்லாக் காய்த்துக்கொண்டிருந்த செடிகள். சித்தப்பா பதறிப்போய், பச்சையாக இருக்கிற மற்றச் செடிகளில் அங்கங்கே இலை கிள்ளி எங்களுக்கு அனுப்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் படம் திரையில் வந்தது. செல் சுவர்கள் வரிசையாக. சுவர் ஓரத்தில், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகிற வாசல்களில், வைரசில் ஒட்டுகிற சாயத்தின் சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக. மஞ்சள் கோடு விழுந்த செடியில் நாங்கள் பார்த்த அதே கொத்து. பச்சைச் செடியிலும்! அவளிடம் "கெடச்சிருச்சும்மா! கெடச்சிருச்சு!" என்று கத்தினேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொசுவலச் செடியை இன்னும் பாக்கல சார்."

"நோய்ச் செடியில இதே கொத்துத்தானே இருந்துச்சு? இன்னும் என்ன பாக்கணும்?"

"நோய்ச் செடியில இருக்கு. இதுலயும் இருக்கு. நோய் இல்லாத செடியில இல்லேன்னு நாம இன்னும் பாக்கலையே. அப்பா திங்கக்கெழம எலை கொண்டாந்துருவாரு. மூணு நாளு சார்."

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா போன் வந்தது. "அப்பு, நாளைக்கு விட்டா ஆளு கெடையாதுடா. எல்லாரும் மெட்டுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருவாக. மழையும் எறங்கப் போகுது. என்ன செய்யட்டும், சொல்லு."

நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "புடுங்கிருங்க சித்தப்பா. சரிவு முழுக்க. படத்துல அப்பட்டமாத் தெரியுது" என்றேன். என் குரலில் இருந்த பெருமிதம் இப்போதும் என் காதிலேயே இருக்கிறது. கேட்கக் கூசுகிறது.

அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "ஒரு மணி நேரம் முன்னால போகட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டாள். சரி என்றேன். ஊருக்குப் போகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சரிவு முழுக்கப் பிடுங்கிக் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். திங்கள்கிழமை அவள் அப்பா, ஈரத் துணி சுற்றிய இலைகளை ஒரு தகர டப்பாவில் வைத்து, அவரே பஸ்சு ஏறி மதுரைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். "பத்தரமாக் கொண்டாந்துருக்கேன் தம்பி, வெயிலு படாம" என்றார். அவருக்கு அந்த இலை எதற்கு என்று தெரியாது.

புதன்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள். திரையில் கொசுவலைச் செடியின் இலை. பூச்சியே ஏறாத, நோயே வராத செடி. சுவர் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள், கொத்துக் கொத்தாக. அதே கொத்து.

"ஒட்டக் கூடாத எடத்துல சாயம் ஒட்டியிருக்கு சார். அப்படி ஒட்டுன ஒண்ணே விட்டு விட்டு எரிஞ்சு, கொத்து மாதிரித் தெரிஞ்சிருக்கு. மூணு செடி போக மத்ததுக்கு நோய் இருந்துச்சா இல்லையான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அவள் சொல்லியிருந்தால் அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன். படுபாவி, அதைச் சொல்லவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் சாப்பாடு. சித்தப்பா உற்சாகமாக இருந்தார். "இன்னும் நாலு தோட்டக்காரக கேக்குறாகடா. அவுக எலையையும் பாத்துச் சொல்லிரு. புடுங்கச் சொன்னா அன்னைக்கே புடுங்கிருவாக" என்றார். இனி மறைக்க முடியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது தப்பாப் போச்சு சித்தப்பா" என்றேன். அவர் கை நின்றது. சித்தி பரிமாறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்தையும் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணு ஸ்லைடை மாத்தி வச்சிருச்சு" என்றேன்.

ஒரு வாய்ச் சோற்றை விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. "எந்தப் பொண்ணு? நம்ம ஜீப்புக்காரரு மகளா? அடிப்பாவி, குடியக் கெடுத்துட்டாளே!" என்று சித்தி நெஞ்சில் கை வைத்தார்கள். சித்தப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து மோரை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார். செடி போன துக்கம் என்று நினைத்தேன்.

சித்தியிடம் சொன்னால் போதும், போடி முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரிதான். இரண்டே நாளில் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. சித்தப்பா தோட்டத்து ஆட்களை ஏற்றுகிற வேலை அவள் அப்பாவிடமிருந்து வேறு ஜீப்புக்குப் போனது. யார் போகச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவரே வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் லேப்பில் என் மேசைக்கு வந்தாள்.

"நான் ஸ்லைடை மாத்தி வச்சேன்னு வீட்டுல சொன்னீகளா?"

"வீட்டுல ஒரு சமாதானத்துக்குச் சொன்னேம்மா. இங்க ஆபீசுல ஒம்மேல ஒரு துரும்பு விழாது. நான் இருக்கேன்ல?"

"சரி" என்றாள்.

இந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்த மாதம் முடிந்ததும் வேலையை விட்டுப் போனாள். தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்துவிட்டாள். செல்லுக்குள் வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண், சாதாரண மைக்ராஸ்கோப்பில் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வேலையும் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் அந்தப் பெரிய மிசினுக்கு அவளைப் போல் கை இன்னும் அமையவில்லை. இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள்.

அவளுடைய கொசுவலைச் செடிகளை வைத்துத்தான் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். சாயத்தை மாற்றினோம், ஒரே புள்ளி திரும்பத் திரும்ப எரிவதைக் கழிக்கிற கணக்கைச் சேர்த்தோம். நோய் இல்லாத இலையில் கொத்து மறைந்தது, நோய் உள்ள இலையில் நின்றது. கட்டுரை வந்தது, கை தட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அவளுக்கு நன்றி போட்டேன். அப்படிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். தூக்கம் வரவில்லை. போன வருடம் ஒரு நாள் தேனிக்குப் போய் அவள் முன்னால் நின்றேன்.

வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். "வாங்கண்ணே, காப்பி சாப்பிடுறீகளா?" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனசில் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். அவசரப்பட்டது நான், பொய் சொன்னது நான், உன்னைப் பலி கொடுத்தது நான், மன்னித்துக்கொள் என்று. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இதை எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவககிட்டப் போய்ச் சொல்லுங்க."

கோபமே இல்லாத குரல். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வர்றேண்ணே" என்று போய்விட்டாள்.

தெரியாதவர் சித்தப்பாதான் என்று எண்ணிக்கொண்டு அப்படியே போடிக்குப் போனேன். கடையில் சித்தப்பா தனியாக இருந்தார். ஸ்லைடை யாரும் மாற்றி வைக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். காலில் விழவும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீ புடுங்கச் சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் புள்ள மதுரையில இருந்து நேரா இங்க வந்துச்சு. இந்தா, நீ நிக்கிற எடத்துலதான் நின்னுச்சு. 'மூணே நாளு பொறுங்க சித்தப்பா, இன்னும் முழுசாப் பாக்கல'ன்னு கெஞ்சுச்சு. எங்க அண்ணன் மகன் டாக்டருக்குப் படிச்சவன், அவனுக்குத் தெரியாதது ஒனக்கென்னத்தா தெரியப்போகுதுன்னு அனுப்பிட்டேன்."

"அப்பறம் ஏன் சித்தப்பா... நான் அவ பேரச் சொன்னப்ப..."

"ஒன்னய விட்டுக்குடுக்கச் சொல்றியா? வீட்டுக்குள்ள சண்டை வேணாம்னு நெனச்சேன். அது வெளிப்புள்ள. ரெண்டு நாள் பேசுவாக, விட்டுருவாகன்னு நெனச்சேன்." அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "பாவந்தேன்" என்றார்.

நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த பொய்யை இரண்டு பேரும் சேர்ந்து இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறோம். அப்படியென்றால் அவள் சொன்ன அந்தத் தெரியாத ஆள் யார்? கடைப் படியை விட்டு இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழு மணி. எஸ்டேட் ஆட்கள் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அப்பா தன் ஜீப்பில் சாய்ந்து நின்றார். ஜீப்பில் பாதிக்கூட ஆள் சேரவில்லை. என்னைக் கண்டதும் பதறிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். அறுபது வயது மனிதர்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றேன்.

"நானே வந்து பேசணும்னு இருந்தேன் தம்பி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் வரல." மற்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே பேசினார். "எம்மக ஒங்க வீட்டுக்குப் பண்ணுனது பெரிய தப்பு. காய்க்கிற செடி அம்புட்டும் போச்சு. ஒங்க பேருக்கும் கெடுதல். அவகிட்டக் கேட்டா 'நான் இல்லப்பா'ன்னு சொல்றா. நான் கையவே ஓங்கிட்டேன் தம்பி. அம்புட்டுப் படிச்சவரு பொய்யா சொல்லுவாரு, தப்பையும் பண்ணிப்புட்டு அவரு மேலயே பழியப் போடுறியான்னு ஏசிப்புட்டேன். அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையே கம்மி. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிறக் கூடாது. சின்னப்புள்ள, தெரியாமப் பண்ணிட்டா."

இரண்டு கையையும் கூப்பினார்.

சொல்ல வேண்டிய வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். எங்கள் கடையைத் தெரிந்தவர்கள், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லண்ணே. விடுங்க" என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆள் போதாத ஜீப்பை எடுத்துக்கொண்டு, கையை வெளியே நீட்டி எனக்கு ஆட்டிக்கொண்டே குரங்கணிப் பாதையில் போனார்.

அன்று சாயங்காலம் மதுரைக்குப் பஸ்சில் போய்க்கொண்டிருக்கும்போது அவள் போன் செய்தாள். அத்தனை வருடத்தில் அவளாக எனக்குப் போன் செய்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்பா வீட்டுக்கு வந்தாரு. ரொம்ப நாளைக்கப்பறம் எங்கூட ஒக்காந்து சாப்புட்டாரு" என்றாள்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீங்க என்னைய மன்னிச்சிட்டீகளாம்ணே. அப்பா சொன்னாரு."